ஜன்னலுக்கு ஒரு கூலிங் கிளாஸ்

நைட் ஷிப்ட் பார்க்கிறவனுக்குச் சூரியன் ஜென்மப் பகை. ஊரே அதற்குப் பொங்கல் வைத்துக் கும்பிடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் மட்டும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, இட்லியை விழுங்கிவிட்டுப் படுத்தால் மத்தியானம் வரைக்கும் ஒரு தொல்லையும் இருக்காது. அதற்கப்புறம் அது மேற்கே சாய ஆரம்பிக்கும். வேறு எங்கேயும் போகாது. நேராக என் ஜன்னலுக்கு வரும், என் கட்டிலில் ஏறும், என் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உட்காரும்.

வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் புது லே-அவுட்டில், தரைத்தளத்தில் ஒரு அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. அறைக்கு ஒரே ஜன்னல். கட்டினவருக்குக் கண்ணாடி என்றால் அவ்வளவு ஆசை போல, மேற்குச் சுவரில் பாதியை ஜன்னலாகவே விட்டுவிட்டார். திறந்து வைக்கவும் முடியாது. தெருவில் லாரி போனால் அரை மூட்டை செம்மண் உள்ளே வந்து கட்டிலில் படுத்துக்கொள்ளும். ஆகவே கண்ணாடி எப்போதும் மூடியே இருக்கும். ஜன்னலுக்கு நேர் வெளியே கம்பெனி பஸ் நிற்கிற இடம். ஷிப்டுக்குப் போகிற பையன்களும் பெண்களும் எங்கள் ஜன்னலோரம்தான் நிற்பார்கள்.

திரைச்சீலை போட வேண்டியதுதானே என்பீர்கள். போட்டோம். நான் இழுத்து மூடுவேன். நான் கண்ணை மூடின அடுத்த நிமிடம் என் மனைவி ஒரு முழம் விலக்கிவிட்டு, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். நான் எழுந்திருக்கும் வரைக்கும் தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் மதுரைப் பக்கம், அவள் தென்காசிப் பக்கம். கல்யாணமாகி நேராக இங்கேதான் வந்தாள். ரொம்ப மெதுவாகப் பேசுகிற பெண். அவள் பேசுவது அவளுக்கே கேட்குமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. "எங்க வீட்ல சத்தம்னு ஒண்ணு கிடையாதுப்பா" என்று கம்பெனியில் நான் பீற்றிக்கொள்ளாத ஆள் இல்லை. ஒரே ஒரு குறை, ரசத்துக்குத் தாளிக்க மாட்டாள். கடுகு இல்லாத ரசம். அவள் ஊர்ப் பக்கம் அப்படித்தான் போல என்று நானும் கேட்டதில்லை.

என் வேலை பிரஸ் லைனில். தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், பட்டனை அழுத்த வேண்டும், மேலிருந்து டன் கணக்கில் இறங்கும். தூங்கித் தூங்கி விழுந்துகொண்டே பார்க்கிற வேலை இல்லை அது. ஒருநாள் ராத்திரி நான் பட்டனை அழுத்திவிட்டு நின்றபடியே தூங்கிவிட்டேன். அடுத்த தகடு வரவில்லையே என்று வந்து பார்த்த சூப்பர்வைசர் என் ஹெல்மெட்டில் இரண்டு தட்டு தட்டினார்.

"இன்னொரு வாட்டி கண்ணு சொருகிச்சின்னு வச்சிக்கோ, நான் ஒண்ணியும் பண்ண முடியாது. கேட்ல கார்டைக் குடுத்துட்டு வூட்ல போய் நல்லா தூங்கு" என்றார்.

வீட்டில் தூங்க முடிந்தால் நான் ஏன் அய்யா இங்கே வந்து தூங்குகிறேன் என்று கேட்க வாய் வந்தது. மென்று முழுங்கிவிட்டேன். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. வேலை போய்விடும் என்கிற பயம் பாதி, வேலை போகாமல் கை போய்விடும் என்கிற பயம் மீதி.

மனைவியிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஜன்னல்ல அந்த கருப்புத் தாள் ஒட்டுதாங்கல்லா, அத ஒட்டிருங்க" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா எனக்கு வெளிய தெரியணும்" என்றாள்.

"ரோட்டுல அப்படி என்னதான் இருக்கு?"

"பஸ் வருது. போகுது."

சரி, எனக்கு இருட்டு வேண்டும், அவளுக்குத் தெரு வேண்டும். இரண்டையும் ஒரே கண்ணாடியில் தர ஒருவன் பிறக்காமலா இருப்பான் என்று படப்பைக்குப் போனேன். காருக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற கடைக்காரர்தான் வீட்டு ஜன்னலுக்கும் ஃபிலிம் ஒட்டுகிறார். அவர் சுருள் சுருளாக எடுத்துப் போட்டார். கருப்பு, நீலம், பால் மாதிரி வெள்ளை, பூப்போட்டது, மயில் போட்டது, முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளப்பது.

"எது சார் வேணும்?"

"எதையும் இப்பவே சொல்ல மாட்டேன். எல்லாத்துலயும் ஒரு துண்டு குடுங்க. ட்ரையல் பாக்கணும்."

எங்கள் கம்பெனியில் ஒரு புது ஸ்க்ரூ வந்தால்கூட ட்ரையல் பார்க்காமல் லைனுக்குள் விட மாட்டார்கள். சரியாக இருந்தால் பச்சை டேக், ஓகே. இல்லாவிட்டால் சிவப்பு டேக், என்ஜி, அதாவது நாட் குட். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. துண்டுகளை ஜன்னலில் வரிசையாக ஒட்டினேன். ஒவ்வொரு துண்டின் கீழும் ஒரு டேக் தொங்கவிட்டேன். தினம் மத்தியானம் தலையணையை ஒவ்வொரு துண்டின் நிழலுக்கும் நகர்த்தி நகர்த்திப் படுத்துப் பார்த்தேன். தெருவில் போகிறவர்கள் இது என்ன வீடா, துணிக்கடை ஷோகேஸா என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கருப்பு எனக்கு உயிர். பட்டப்பகலில் அமாவாசை. "மணி என்ன ஆச்சு? வெளக்கு பொருத்தட்டா?" என்று கிசுகிசுத்துவிட்டு, மனைவி சிவப்பு டேக் போட்டுவிட்டாள். பால் வெள்ளையில் வெயில் குறையவே இல்லை, அறை முழுக்கப் பரவித்தான் போயிற்று. "வாரது பஸ்ஸா எருமையான்னு தெரியல" என்று அதற்கும் சிவப்பு. நீலத்தில் படுத்திருந்த என்னைப் பார்த்து அவள் பயந்தே போனாள், கிணற்றிலிருந்து தூக்கிப் போட்ட ஆள் மாதிரி இருந்தேனாம். மயில் போட்டதைப் பற்றிக் கேட்காதீர்கள். தோகை நிறமெல்லாம் என் மூக்கின் மேல் விழுந்து, திருவிழா சீரியல் லைட்டுக்கு அடியில் படுத்த கதை.

"இவ்வளவு பாடு எதுக்கு? நீங்களே ஒரு கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டுப் படுத்துக்கிடலாம்லா?" என்றாள்.

கோபம்தான் வந்தது. ஆனால் மாட்டிப் பார்த்தேன் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை. ஒருக்களித்துப் படுத்ததில் அதன் கால் காதுக்குள் குத்தி, ஷிப்டுக்கு ஒரு காதில் பஞ்சோடு போனேன்.

கடைசியாக அந்தக் கண்ணாடி ஃபிலிம். உள்ளே நல்ல நிழல். உள்ளே இருந்து பார்த்தால் தெரு, பஸ், எதிர்வீட்டு மாடி, மாடியில் காய்கிற துணி எல்லாம் தெரிகிறது. வெளியே இருந்து பார்த்தால் வெறும் கண்ணாடி, அவரவர் முகம்தான். மனைவி தன் கையாலேயே பச்சை டேக் மாட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைக்காரர் வந்து கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் அடித்து, ஃபிலிமை விரித்து, ரப்பர் பட்டையால் தண்ணீரை இழுத்து இழுத்து வெளியேற்றினார். ஒரு குமிழி இல்லை. கிளம்பும்போது, "சார், ஒண்ணு சொல்லிடறேன். பகல்ல தான் இது. சாய்ந்தரம் உள்ள லைட்டைப் போட்டீங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

"எல்லாம் தெரியுங்க. ட்ரையல் பாத்துத்தானே எடுத்திருக்கேன்" என்று அனுப்பிவிட்டேன். ட்ரையல் முழுக்க மத்தியானத்தில்தான் பார்த்தேன் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் தூங்கினேன் பாருங்கள், அப்படி ஒரு தூக்கம். இரண்டாம் நாள் சாயங்கால வெயில் இறங்குவதற்குள் கட்டில் ஆடியது. பூகம்பம் என்று எழுந்து உட்கார்ந்தேன். மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து, முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பதறிவிட்டேன். அவள் ஜன்னலைக் காட்டினாள்.

கண்ணாடிக்கு வெளியே, ஒரு ஜாண் தூரத்தில், முகம் நிறையப் பருவோடு ஒரு பையன் தலை சீவிக்கொண்டிருந்தான். முகத்தை அப்படித் திருப்பினான், இப்படித் திருப்பினான், ஒரு புருவத்தைத் தூக்கிப் பார்த்தான், அது பிடிக்காமல் மற்றதைத் தூக்கினான். பின்னால் இன்னொருவன் பல்லை இளித்துக் கீரைத் துணுக்கு தேடினான். ஒரு பெண் தன் ஐடி கார்டில் இருக்கிற போட்டோவையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்து, "நான் இவ்ளோ கேவலமாவாடி இருக்கேன்?" என்று தோழியிடம் கேட்டாள். என்னோடு நைட் ஷிப்டுக்கு வருகிற மொத்தக் கூட்டமும் எங்கள் ஜன்னலில் வரிசை கட்டி நின்றது. மூக்குக்கு மூக்கு நாங்கள் இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்திருப்பது ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் தூக்கம் ஏது? "ஏங்க, பருக்காரப் பையன் வந்துட்டான்", "ஏங்க, அந்தப் புள்ள இன்னைக்கு ரெட்டைச் சடை" என்று காதுக்குள் கிசுகிசுப்பு. திட்டலாம் என்று எழுந்திருப்பேன். அந்தப் பையன் மீசைக்கு எச்சில் தடவுவதைப் பார்த்துவிட்டு நானும் உட்கார்ந்துவிடுவேன்.

நான் கண்ணாடியின் இந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் ராஜா என்றுதான் இருந்தேன். கம்பெனியில் ஷிப்டு தொடங்கும் முன் எல்லோரும் வரிசையில் நின்று உடற்பயிற்சி செய்ய வேண்டும். கையைச் சுழற்று, இடுப்பை வளை, முட்டியைத் தூக்கு. என் முட்டி சொன்ன பேச்சு கேட்காது. அதனால் கிளம்பும் முன் வீட்டிலேயே ஒருமுறை பழகிக்கொள்வேன். பனியனும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக, லைட்டைப் போட்டுக்கொண்டு, ஜன்னலில் தெரிகிற என் உருவத்தைப் பார்த்தபடியே, "ஒன், டூ, த்ரீ" என்று. வெளியே தெரியாது என்கிற தைரியத்தில் கடைசியில் இடுப்பை ஆட்டி ஒரு சின்ன நடனமும் உண்டு.

ஒருநாள் அப்படி ஆடி முடித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் சுழற்றினார். முன் சீட்டுப் பெண்கள் கையைச் சுழற்றினார்கள். பின்னால் யாரோ "ஒன், டூ, த்ரீ" என்றார்கள். பஸ் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே இடுப்பை ஆட்டியது.

"அண்ணே, லைட்டு போட்டா உள்ள எல்லாம் சோக்கா தெரியுதுண்ணே. நாங்க தெனம் இதைப் பாக்கத்தான் சீக்கிரம் வர்றோம்" என்றான் அந்தப் பருக்காரப் பையன். என் மானம் ஒரகடம் கூட்டு ரோடு வரைக்கும் பஸ்ஸில் ஆடிக்கொண்டே வந்தது.

சரி, சாயங்காலம் திரையை இழுத்துக்கொண்டால் போயிற்று. காலைத் தூக்கம் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த வாரத்திலேயே ஒருநாள் சூரியன் மேற்கே உதித்தது.

காலையில் வந்து படுத்தேன். கண் சொருகுகிறது. பளீரென்று முகத்தில் ஒரு வெளிச்சம். வெல்டிங் அடிக்கிற மாதிரி. தலையணையை நகர்த்தினேன், அதுவும் நகர்ந்து வந்தது. காலை நேரத்தில் மேற்கு ஜன்னலில் வெயில் வர அதற்கு என்ன பைத்தியமா? எழுந்து போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடி ஜன்னல் அத்தனையிலும் புத்தம் புது கண்ணாடி ஃபிலிம். கிழக்கே எங்கள் கூரைக்கு மேலே உதித்த சூரியன் எதிர்வீட்டு மாடியில் மோதி, அங்கிருந்து குனிந்து என் கட்டிலுக்கு வந்துகொண்டிருந்தது. என் ஃபிலிமாலேயே அதைத் தாங்க முடியவில்லை. அன்று இரவு பிரஸ் முன்னால் கண் இரண்டும் தானாக மூடின. என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டு நின்றேன். சூப்பர்வைசர் தூரத்திலிருந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

இதற்கு மேல் பொறுக்க முடியாது. மறுநாள் காலையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனேன். எதிர்வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர். அவருடைய நிலத்தில் இப்போது ஒரு கம்பெனியின் பார்க்கிங் இருக்கிறது. அவரும் அவர் மனைவியும் மட்டும்தான் அந்தப் பெரிய வீட்டில். இத்தனை நாளில் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. தூங்கி எழுந்து பஸ் ஏறுகிறவனுக்கு எதிர்வீடு என்பது மாடியில் காய்கிற துணி மட்டும்தான்.

"என்னங்க இது? வேணும்னேதானே பண்றீங்க?"

"இன்னா தம்பி வேணும்னே?" என்றார் அவர், பல்குச்சியை வாயிலிருந்து எடுத்து. "உன் வூட்டாண்டதான் தெனம் நின்னுகினு தலை சீவுறேன். சோக்கா கீதேன்னு அந்தக் கடைக்காரர்ட்டயே போய், எதுத்த வூட்டு மாதிரியே கூலிங் பேப்பர் போடுப்பான்னேன். நல்லா இல்லையா?"

நான் சண்டைக்கு எடுத்து வந்த வார்த்தையெல்லாம் வீணாகப் போயிற்று. "நான் நைட் ஷிப்ட்டுங்க. உங்க ஜன்னல் வெயிலு என் மூஞ்சியில அடிக்குது. தூங்கலேன்னா மிஷின்ல கை போயிடும்" என்றேன். குரல் எனக்கே அழுகை மாதிரி கேட்டது.

"அய்யய்யே, கையா?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி வந்துவிட்டார். "தூங்குற ஆளு தான் நீயா? உன் பொண்டாட்டி மிக்ஸி ஜாரைத் தூக்கிகினு இங்கதானப்பா ஓடியாருது தெனமும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மிக்ஸி எங்க வீட்லயே இருக்குங்களே."

"கீது. போட்டா நீ முழிச்சிக்குவியாமே? தெனம் இங்க வந்து அரைச்சிகினு போவும். ஒரு நிமிசம் குந்தும்மான்னா குந்தாது. 'அவ்வொ தூங்குதாவ'ன்னு ஓடிடும். கடுகு வெடிச்சா கூட எழுந்துருவியாம், தாளிக்கிறதே இல்லன்னு சொல்லிச்சே. ஏன்பா, கடுகு வெடிச்சா எழுந்துருவியா நீ?"

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் நான் குடித்த ரசமெல்லாம் தொண்டையில் வந்து நின்றது. தென்காசிப் பக்கம் பாவம், அங்கே எல்லோரும் தாளித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவள் குற்றம் செய்தவள் மாதிரி விரலைப் பிசைந்தாள். "டிவி போட முடியாது, போன்ல அம்மாட்ட பேச முடியாது, பாத்திரம் வெளக்க முடியாது. ஜன்னல்ல பாக்கது ஒண்ணுதான் சத்தமில்லாத வேல. அதான் வெளிய தெரியணும்னேன்" என்றாள். இதையும் கிசுகிசுத்துத்தான் சொன்னாள். நான் முழித்துக்கொண்டு எதிரில் நிற்கிறேன், அப்போதும் அந்தக் குரல்தான்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டம்மா கதவைத் தட்டினார். கையில் ஒரு பாய். "எங்க வூட்ல பின்னால ஒரு ரூம்பு கீது. அந்தக் காலத்துல நெல்லு மூட்டை போட்டது, ஜன்னலே கெடையாது. இப்ப சும்மாதான் கீது, ஃபேனு கூட கீது. நீ அங்க வந்து படு. இந்தப் பொண்ணு இங்க வாயைத் திறக்கட்டும்."

எத்தனை துண்டு, எத்தனை டேக், எத்தனை ட்ரையல்! ஜன்னலே இல்லாத அறைக்கு எந்த ஃபிலிமும் ஒட்ட வேண்டாம் என்பது ஒரு என்ஜி டேக்கிலும் எழுதியிருக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு, பட்டப்பகலில், என்னோடு பஸ்ஸில் இறங்கி டீக்கடையில் நின்ற கூட்டமெல்லாம் பார்க்க, சொந்த வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குத் தூங்கப் போனேன். "அண்ணன் வூட்ட வுட்டுத் தொரத்திட்டாங்கடா" என்றான் பருக்காரப் பையன்.

நான் போன பின்னால் நடந்ததை அப்புறம் அவள் சொல்லித்தான் தெரியும். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, ஃபிலிமை அப்படியே உரித்து எடுத்துவிட்டாளாம். வழக்கம்போல் சீப்போடு வந்த பையன் பாதி சீவின பிறகுதான் எதிரில் தன் முகம் இல்லை, வேறு ஒரு முகம் இருக்கிறது என்று பார்த்திருக்கிறான். அலறப் போனவனிடம் கண்ணாடியைத் தள்ளித் திறந்து, "எடப்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கி, கொஞ்சம் அமுக்கிக்கோ" என்றாளாம். உரித்த ஃபிலிமை எதிர்வீட்டுக்காரர் தன் காம்பவுண்டு கேட்டில் ஒட்டிவிட்டார். இப்போது மொத்தக் கூட்டமும் அங்கே நின்றுதான் சீவுகிறது, அவரையும் சேர்த்து.

அந்த இருட்டறையில் நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. சூரியன் எந்தப் பக்கம் போனது என்பதும் தெரியாது. முழிப்பு வந்தபோது வெளியே ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம், திறந்து கிடந்த எங்கள் ஜன்னல் வழியாகக் கடுகு வெடிக்கிற சத்தமும் கறிவேப்பிலை வாசனையும் வந்துகொண்டிருந்தன. எதிர்வீட்டுக்காரர், "இன்னாபா, உன் பொண்டாட்டி சரவெடி வுடுதா?" என்று கேட்டார்.

மனைவி ஜன்னலுக்கு வந்தாள். கையில் கரண்டி. என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, எந்திச்சாச்சா? நல்லா தூங்குனீயளா? சாப்பிட வாங்க, சோறு ஆறுது!"

தெருக்கோடியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து மனை மேல் நின்ற எருமை திரும்பிப் பார்த்தது. நானும் ஒரு நொடி யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் குரல் இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.